‘காப்பி’ என்று எழுதுமுன் ஸ்வரத்தை எழுதிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு ஆங்கில பாப், ராக் பாட்டுகளை அடுத்தடுத்து ஓடவிட்டு ‘இது அதன் காப்பி’ என்று சொல்லும் துணுக்குகள் நாளிதழ்களின் இணைப்புகளில் அடிக்கடி வருகின்றன. ஒற்றுமை காதில் படுவது நல்ல காதுக்கு அடையாளம். அதில் எங்களுக்குக் குறையில்லை. எது ஒத்திருக்கிறது என்று அந்தத் துணுக்குகள் சொல்வதே இல்லை, அதுதான் குறை. மெட்டா, கார்டா (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது), தாளக்கட்டா, அடிக்குரல் வாசிக்கும் பேஸ் கிட்டாரின் நடையா, ஒலிப்பதிவின் சாயலா? ஐந்தும் வெவ்வேறு சமாசாரம். ஒன்றில் ஒத்துப்போனால் அதற்கு அர்த்தமே இல்லை. இன்னொன்றில் ஒத்துப்போனால் கோடிக்கணக்கான ரூபாய் கைமாறும்.

கோர்ட்டில் நிரூபணமான ஒன்றை முதலில் பார்க்கலாம். பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் 1970ல் வெளியிட்ட ‘மை ஸ்வீட் லார்ட்’ பாட்டின் மீது வழக்கு வந்தது. ரானி மேக் எழுதி, ஷிஃபான்ஸ் என்ற பெண்கள் குழு பாடி, 1963ல் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்த ‘ஹீஸ் சோ ஃபைன்’ பாட்டின் மெட்டுதான் இது என்றது எதிர்த்தரப்பு. 1976ல் நியூயார்க்கில் தீர்ப்புச் சொன்ன நீதிபதி ரிச்சர்ட் ஓவன், இரண்டு மெட்டுகளையும் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். நம் ஸ்வரத்தில் எழுதினால் முதல் துண்டு ‘ப க ரி’. இரண்டாவது துண்டு ‘ப த ஸ் த ஸ்’ (ஸ் என்பது மேல் ஷட்ஜம்). பழைய பாட்டில் முதல் துண்டு நான்கு தடவை, பிறகு இரண்டாவது துண்டு நான்கு தடவை. ஹாரிசன் பாட்டிலும் முதல் துண்டு நான்கு தடவை வருகிறது. இரண்டாவது துண்டு மட்டும் மூன்று தடவை. நான்காவது தடவை வரவேண்டிய இடத்தில், ஏறக்குறைய அதே நீளத்துக்கு வேறொரு இணைப்பு.

இதோடு நின்றிருந்தால்கூட வாதாட இடமிருந்திருக்கும். இரண்டாவது துண்டு திரும்ப வருகையில் பழைய பாட்டில் ஒரு சின்ன அனுஸ்வரம் (தொட்டுவிட்டு ஓடும் குட்டி ஸ்வரம்) நுழைகிறது: ‘ப த ஸ் த ரி் ஸ்’. அந்த மேல் ரிஷபம், அதே இடத்தில், அதே இரண்டாம் சுற்றில், ஹாரிசன் பாட்டிலும் இருக்கிறது.

இந்தத் துண்டுகளில் இருப்பவை ஸ ரி க ப த என்ற ஐந்து ஸ்வரங்கள் மட்டுமே. அதாவது மோகனத்தின் ஸ்வரங்கள். மோகனத்தில் இரண்டு பாட்டு இருந்தால் ஒன்று மற்றதன் காப்பி என்று நம் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். நீதிபதியும் சொல்லவில்லை. துண்டுகள் தனித்தனியே புதியவை அல்ல என்று அவரே எழுதுகிறார். ஐந்து ஸ்வரத்தை வைத்து மூன்று ஸ்வரத் துண்டு போட்டால் மொத்தமே 125 வகைதான் வரும். எல்லாமே யாராவது ஏற்கெனவே பாடியதாகத்தான் இருக்கும். அவர் பிடித்தது அடுக்கை: நான்கு தடவை இது, உடனே அடுத்தடுத்து அது, நடுவில் ஓர் அனுஸ்வரம். ஹாரிசன் வேண்டுமென்று எடுத்தார் என்றும் அவர் சொல்லவில்லை. தெரிந்த மெட்டு அடிமனதிலிருந்து கைக்கு வந்துவிட்டது, ஆனாலும் அது மீறல்தான் என்பது தீர்ப்பு. (இழப்பீட்டுக் கணக்கு முதலில் சுமார் 16 லட்சம் டாலர். இதற்கிடையே, ஹாரிசனின் பழைய மேனேஜர் ஆலன் க்ளைன் வழக்குப் போட்ட உரிமைக் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டார். தான் கொடுத்த 5,87,000 டாலருக்கு மேல் ஹாரிசனிடமிருந்து அவர் லாபம் பார்க்கக் கூடாது என்று 1981ல் அதே நீதிபதி சொன்னார்.)

இனி கார்டுக்கு வருவோம். துணுக்குகளில் பெரும்பாலானவை சறுக்குவது இங்கேதான்.

கீபோர்டில் சங்கராபரண ஸ்வரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ-க-ப, ப-நி-ரி, த-ஸ-க, ம-த-ஸ என்று நான்கு கார்டை வரிசையாக வாசியுங்கள். பீட்டில்ஸின் ‘லெட் இட் பி’ இந்த நான்கில்தான் தொடங்குகிறது. பாப் மார்லியின் ‘நோ வுமன், நோ க்ரை’ இதே வரிசை. யூ2 குழுவின் ‘வித் ஆர் வித்தவுட் யூ’ முதலிலிருந்து கடைசிவரை இந்த நான்கையே சுற்றுகிறது. மூன்றும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை அல்ல. ஆதி தாளத்தில் பாடிய எல்லாம் ஒரே கீர்த்தனை ஆகுமா? அதுபோலத்தான். முதல் கார்டுக்கு அடுத்து த-ஸ-க, பிறகு ம-த-ஸ, பிறகு ப-நி-ரி என்று மாற்றினால் 1950களின் அமெரிக்கத் தெருமுனைக் குழுக்கள் பாடிய நடை வந்துவிடும். ‘ஸ்டாண்ட் பை மீ’ (1961) அந்த வழியில் வந்தது. பன்னிரண்டு பாரில் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) முடியும் ப்ளூஸ் நடை இன்னும் பழையது. இவை எல்லோருக்கும் பொதுவான கிணறு.

ஒரே கார்டு வரிசையில் இருக்கும் எந்த இரண்டு பாட்டையும் சுருதி சேர்த்து ஒன்றின் மேல் ஒன்று ஓடவிட்டால் அழகாக ஒட்டிக்கொள்ளும். மெட்டின் முக்கிய ஸ்வரங்கள் அந்தந்தக் கார்டுக்குள்ளிருந்தே எடுத்தவை என்பதால் மோதல் வராது. ‘பார்த்தீர்களா, எப்படிப் பொருந்துகிறது!’ என்று வரும் வீடியோக்கள் காட்டுவது இந்தப் பொருத்தத்தைத்தான். இதற்கு எளிய சோதனை இருக்கிறது. சம்பந்தமே இல்லாத மூன்றாவது பாட்டு ஒன்றை அதே கார்டு வரிசையில் தேடி எடுத்து அதே இடத்தில் வையுங்கள். அதுவும் பொருந்தினால், முதல் பொருத்தத்துக்கு மதிப்பில்லை.

ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன் மீதான வழக்கு முழுக்க இந்தக் கேள்விதான். அவருடைய ‘திங்க்கிங் அவுட் லவுட்’ (2014), மார்வின் கேயின் ‘லெட்ஸ் கெட் இட் ஆன்’ (1973) பாட்டிலிருந்து எடுத்தது என்று, அந்தப் பழைய பாட்டை உடன் எழுதிய எட் டவுன்செண்டின் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். பழைய பாட்டின் இரண்டாவது கார்டு க-ப-நி. ஷீரன் பாட்டில் அந்த இடத்தில் வருவது ஸ-க-ப கார்டு, ஆனால் அடியில் காந்தாரத்தை வைத்து: க-ப-ஸ். மூன்று ஸ்வரத்தில் இரண்டு அதேதான், ஒன்று மட்டும் நி, ஸ் என்று பக்கத்துப் பக்கத்தில் மாறுகிறது. பேஸ் கிட்டார் இரண்டிலும் காந்தாரத்தில்தான் நிற்கும். அதனால்தான் காதுக்கு ஒரே நடையாகக் கேட்கிறது. சில கார்டுகள் தட்டு விழுவதற்குச் சற்று முன்பே விழுவதும் இரண்டுக்கும் பொது. மெட்டை மட்டும் தனியே வாசித்தால் இரண்டும் வேறு வேறு வழியில் போகின்றன. ஷீரன் கிட்டாரைச் சாட்சிக் கூண்டுக்கே எடுத்துப்போய் வாசித்துக் காட்டினார். 2023 மே மாதம் மன்ஹாட்டன் ஜூரி அவர் பக்கம் சொன்னது. பாட்டில் பங்குரிமை வைத்திருந்த வேறொரு நிறுவனம் தனியே போட்ட வழக்கும் 2024 நவம்பரில் மேல்முறையீட்டில் தோற்றது.

அதற்காகக் கார்டே முக்கியமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ரேடியோஹெட் குழுவின் ‘க்ரீப்’ (1992) பாட்டின் கார்டு வரிசை அபூர்வமானது. ஸ-க-ப கார்டிலிருந்து நேராகக் காந்தாரத்தின் மேஜர் கார்டுக்குத் தாவி (மேஜரில் நடு ஸ்வரம் அரை ஸ்வரம் உயர்ந்திருக்கும், மைனரில் தாழ்ந்திருக்கும்), ம-த-ஸ கார்டுக்கு வந்து, அங்கேயே தைவதத்தை அரை ஸ்வரம் கீழே இறக்கி மைனர் ஆக்குகிறது. நெஞ்சைப் பிசையும் இடம் அந்தத் தைவத இறக்கம். ஆல்பர்ட் ஹாமண்ட், மைக் ஹேசல்வுட் எழுதி ஹாலிஸ் குழு 1974ல் பிரபலமாக்கிய ‘தி ஏர் தட் ஐ பிரீத்’ இதே வழியில் போகிறது. மெட்டிலும் ஓரிடத்தில் இரண்டும் நெருங்குகின்றன. அபூர்வக் கார்டு, அதன் மேல் நெருங்கிய மெட்டு, இரண்டும் சேர்ந்ததால் அந்த இருவரின் பெயரும் ‘க்ரீப்’ பாட்டின் எழுத்தாளர் பட்டியலில் ஏறியது. ராயல்டியிலும் பங்கு உண்டு.

பேஸ் வரிக்கு உதாரணம் லெட் செப்பலினின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ (1971). ஸ்பிரிட் குழுவின் ‘டாரஸ்’ (1968) என்ற வாத்தியப் பாட்டை வைத்து 2014ல் வழக்கு வந்தது. இரண்டின் தொடக்கத்திலும் அடிக்குரல் ஸட்ஜத்திலிருந்து அரை ஸ்வரம் அரை ஸ்வரமாகப் படி இறங்குகிறது: காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், சதுஸ்ருதி தைவதம், சுத்த தைவதம். மேற்கத்திய இசையில் துயரத்தைச் சொல்ல இந்த இறக்கத்தை 17ஆம் நூற்றாண்டிலேயே வைத்திருக்கிறார்கள்; ஹென்றி பர்செல் அமைத்த டைடோவின் புலம்பல் இதன்மேல்தான் நிற்கிறது. லெட் செப்பலின் பாட்டில் அடிக்குரல் இறங்கும்போதே மேல் கம்பியில் ஸ, ரி, க என்று இன்னொரு வரி ஏறுகிறது. அந்த ஏற்றமும் இறக்கமும் சேர்ந்துதான் அந்தப் பாட்டின் உயிர். 2016ல் ஜூரி மீறல் இல்லை என்றது. 2018ல் மறுவிசாரணைக்கு உத்தரவு வந்தது. 2020 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரிய அமர்வு ஜூரியின் தீர்ப்பையே உறுதி செய்தது. இருந்தும் இன்றுவரை ‘திருட்டு மெட்டு’ப் பட்டியல் எதைத் திறந்தாலும் முதல் வரிசையில் இந்தப் பாட்டு உட்கார்ந்திருக்கிறது. இது நியாயமே இல்லை.

அந்த வழக்கில் இன்னொரு விஷயம். ‘டாரஸ்’ ஒலிப்பதிவை, மெட்டை ஒப்பிடுவதற்காக ஜூரிக்குப் போட்டுக் காட்டவே விடவில்லை. 1978க்கு முந்தைய பழைய அமெரிக்கச் சட்டத்தில் வரும் பாட்டுகளுக்கு, பதிவு அலுவலகத்தில் கொடுத்த நோட்டுத் தாளில் உள்ளதுதான் பாட்டு. இசைத்தட்டில் கேட்கிற கிட்டார் தொனி, எதிரொலி, குரலின் குழைவு எதுவும் கணக்கில் வராது. நாம் யூடியூபில் ஒப்பிடுவதும் அங்கே கோர்ட் ஒப்பிடுவதும் ஒரே பொருள் அல்ல என்பதை எழுதுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கேட்டி பெர்ரியின் ‘டார்க் ஹார்ஸ்’ (2013) செய்தி இங்கே பலருக்கும் நினைவிருக்கும். ஃப்ளேம் என்ற ராப் பாடகரின் 2008ஆம் ஆண்டுப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் எட்டு ஸ்வர வரி ‘க க க க ரி ரி ரி ஸ’. பெர்ரியின் பாட்டில் ‘க க க க ரி ரி ஸ ப’. (இரண்டும் மைனர், அதனால் சாதாரண காந்தாரம்.) எட்டு ஸ்வரமும் ஒரே சீரான நீளம். 2019ல் ஜூரி சுமார் 28 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அது உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. 2020ல் அதே நீதிமன்ற நீதிபதி அதை ரத்து செய்தார், 2022ல் மேல்முறையீட்டிலும் ரத்து நிலைத்தது. மூன்றாம் படியிலிருந்து முதல் படிக்குச் சீராக இறங்குவது யாருக்கும் தனிச்சொத்து ஆகாது என்ற அந்தத் தீர்ப்பு சரி என்றே நாங்கள் நினைக்கிறோம். ரத்தான செய்திக்கு முதல் செய்தியில் கால்வாசி இடம்கூடப் பல பத்திரிகைகள் தரவில்லை.

இரண்டு பாட்டை ஒழுங்காக ஒப்பிடப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு கீபோர்டு, கோடு போட்ட நோட்டு, ஒரு மணி நேரம் போதும். முதலில் ஒவ்வொரு பாட்டும் எந்த ஸ்வரத்தில் இளைப்பாறி நிற்கிறது என்று முணுமுணுத்துப் பாருங்கள்; அதுதான் ஸ. இரண்டையும் டிரான்ஸ்போஸ் பட்டனால் ஒரே ஸ-வுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து காலால் தாளம் போடுங்கள். ஒரு பாருக்கு நான்கு தட்டு, ஒரு தட்டுக்கு நான்கு கட்டம், ஆக 16 கட்டம். பாட்டின் வேகத்தைப் பாதியாக்கி, ஒவ்வொரு ஸ்வரமும் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறதோ அங்கே எழுதுங்கள். இரண்டாவது பாட்டை அதன் கீழ் வரியில் எழுதுங்கள். இப்போது கண்ணுக்கே தெரியும்: ஸ்வரம் ஒத்தும் கட்டம் மாறியிருக்கிறதா, கட்டம் ஒத்தும் ஸ்வரம் மாறியிருக்கிறதா, இரண்டும் ஒத்திருக்கிறதா என்று. ஸ்வரமும் கட்டமும் சேர்ந்து நான்கைந்து பார் ஓடினால் கவனிக்கவேண்டிய விஷயம். அனுஸ்வரம் போல, தேவையே இல்லாத ஒரு சின்ன அணி இரண்டிலும் ஒரே கட்டத்தில் இருந்தால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். பொதுக் கிணற்றில் அது கிடைக்காது.

தப்பு நேரும் இடங்களும் தெரிந்தவைதான். ஒப்பீட்டு வீடியோ செய்கிறவர்கள் ஒரு பாட்டின் வேகத்தைக் கூட்டி, இன்னொன்றின் சுருதியை இறக்கி, பொருந்துகிற இரண்டு பாரை மட்டும் வெட்டிச் சுழலவிடுகிறார்கள். பொருந்தாத அடுத்த ஆறு பார் கண்ணிலிருந்து மறைந்துவிடும். எவ்வளவு மாற்றினார்கள் என்று கேட்காமல் அதை நம்பக் கூடாது. டெம்போ எண்ணுவதிலும் கவனம் வேண்டும்; நிமிடத்துக்கு 70 என்பதும் 140 என்பதும் ஒரே தாளத்தை இரண்டு விதமாக எண்ணியதாக இருக்கலாம். கிரகபேதத்தையும் மறக்கக் கூடாது. அதே ஸ்வரங்கள், ஆதாரம் மாறினால் மோகனம் மத்யமாவதி ஆகிறது. மேற்கத்திய இசையில் அடியிலுள்ள கார்டை மாற்றினால் அந்த வேலை நடந்துவிடும்.

இதனால் எதிர்ப்பக்கமாகவும் ஏமாற்றம் வரும், அதாவது இருக்கிற ஒற்றுமை காதில் படாமலே போகும். ஆஸ்திரேலியாவின் மென் அட் வொர்க் குழு பாடிய ‘டவுன் அண்டர்’ பாட்டின் புல்லாங்குழல் துண்டை அந்த நாடே கால் நூற்றாண்டு கேட்டது. மரியன் சின்க்ளேர் 1930களில் எழுதிய, பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடமான ‘கூக்கபரா’ பாட்டின் இரண்டு பார் அதற்குள் இருப்பது 2007ல் ஒரு டிவி வினாடி வினாவில் கேள்வியாக வந்த பிறகுதான் பேச்சானது. பிள்ளைகள் பாட்டு மேஜரில், குழல் துண்டு விழுவது மைனர் கார்டுகளின் மேல். அடித்தளம் மாறியதால் காது ஏமாந்தது. 2010ல் நீதிமன்றம் மீறல் என்றது. கேட்ட பங்கு எவ்வளவோ, கிடைத்தது 5 சதவீதம். மெட்டைக் கார்டிலிருந்து பிரித்துத் தனியே வாசித்துப் பாருங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி சாயல். ‘ப்ளர்டு லைன்ஸ்’ (2013) பாட்டில் மார்வின் கேயின் ‘காட் டு கிவ் இட் அப்’ (1977) வாசனை வீசுகிறது, சந்தேகமே இல்லை. கௌபெல் (மாட்டுமணி போன்ற தாளக்கருவி) தட்டு, பின்னணியில் விருந்துக் கூச்சல், கீச்சுக் குரல், துள்ளும் பேஸ். ஆனால் நோட்டில் எழுதினால் மெட்டும் கார்டும் ஒத்துவரவில்லை. அந்த வழக்கில் 2015ல் ஜூரி முதலில் 74 லட்சம் டாலர் என்று சொல்லி, பிறகு அது சுமார் 53 லட்சமாகக் குறைந்தது. 2018ல் மேல்முறையீட்டில் மூவரில் இருவர் அதை உறுதிசெய்ய, நீதிபதி ஜாக்குலின் நுயென் மட்டும் மாறுபட்டார். மெட்டிலும் இசைவிலும் தாளத்திலும் இவை வேறு பாட்டுகள் என்பது அவர் கருத்து. எங்கள் கருத்தும் அதுவே. ஒரு காலத்தின் சாயலுக்குப் பட்டா போட்டால் அடுத்த தலைமுறை எதைத் தொட்டு வாசிக்கும்? அமெரிக்க ராக் பாடகர் ஜான் ஃபோகர்ட்டியை, அவருடைய பழைய பாட்டை அவரே காப்பியடித்தார் என்று கோர்ட்டுக்கு இழுத்தார்கள். பழைய பாட்டின் உரிமை கம்பெனியிடம் இருந்தது. அவரும் கிட்டாரோடு கூண்டில் ஏறி, தன் கைவாகு எப்படி என்று காட்டி, 1988ல் ஜெயித்தார்.

கடைசியாக, எழுதுமுன் பாட்டின் எழுத்தாளர் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். சாம் ஸ்மித்தின் ‘ஸ்டே வித் மீ’ பாட்டில், அதை ஒத்த பழைய பாட்டை எழுதிய டாம் பெட்டி, ஜெஃப் லின் பெயர்கள் சண்டையில்லாமலே சேர்ந்து, 12.5 சதவீதம் அவர்களுக்குப் போகிறது. பீச் பாய்ஸின் ‘சர்ஃபின் யுஎஸ்ஏ’ சக் பெரியின் மெட்டு. அவர் பெயர் பின்னால் சேர்க்கப்பட்டது. வெர்வ் குழுவின் ‘பிட்டர் ஸ்வீட் சிம்ஃபனி’யில் கேட்கும் வயலின் வரி, ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றின் வாத்தியப் பதிவிலிருந்து எடுத்த சாம்பிள். அதற்காக எழுத்துரிமை முழுவதையும் இழந்த வெர்வ் குழுவின் பாடகருக்கு, 2019ல் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெயர் போட்டு, பணம் கொடுத்து எடுத்ததைத் திருட்டு என்று எழுதுவது அவதூறு.

இனி இப்படியொரு துணுக்கு உங்கள் பக்கத்தில் வரும்போது நான்கு தகவல்கள் அதில் இருக்கட்டும்: ஒத்திருப்பது மெட்டா, கார்டா, தாளமா, சாயலா; பாட்டின் எந்த நிமிடம், எந்த நொடி; பழைய பாட்டின் ஆண்டும் எழுதியவர் பெயரும்; வழக்கு உண்டென்றால் அதன் கடைசி நிலை. மெட்டு என்றால் அந்த இரண்டு வரி ஸ்வரத்தையும் ஒரு சின்னப் பெட்டியில் அச்சிட்டுவிடுங்கள். வீட்டில் கீபோர்டு வைத்திருக்கும் பிள்ளைகள் வாசித்துப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மேற்கத்திய இசை கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.